நலம் காப்போம்: வைத்தியரிடம் ஊரைச் சொல்லுங்கள்



இம்முறை மூட்டு வீக்கத்தைப் பற்றிப் பேசுவோம். தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் எங்களுக்கு முழங்கால் நோவு புதிதல்ல. எண்ணெய் பூசிப் படுத்தெழும்பினால் அநேகமாகக் குறைந்துவிடும். ஆனால், மூட்டு திடீரென வீங்கி, சூடேறி, அசைக்க முடியாமல் வலித்து, காய்ச்சலும் காய்ந்தால் அதை வேலை நோவு என்று விட்டுவிடக் கூடாது. மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். கிருமி இரத்தத்தோடு ஓடினால் முழங்கால், தோள், கணுக்கால் என்று பல மூட்டுகளில் ஒரே நேரத்தில் சீழ் கட்டும். வாதம் என்று எண்ணி உருவிக்கொண்டிருந்தால் மூட்டு சில நாட்களிலேயே பழுதாகிவிடும், உயிருக்கும் ஆபத்து. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

அங்கே மூட்டு நீரை ஊசியால் எடுப்பார்கள், இரத்தமும் எடுப்பார்கள். அவற்றிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தே எந்த மருந்து கேட்கும் என்று அறிவார்கள். ஆகவே, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக் குளிசைகளை விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். கிருமி பரிசோதனையில் அகப்படாமல் போகலாம்.

இப்படி மூட்டில் சீழ் வைக்கும் கிருமிகளில் ஒன்று எங்கள் பக்கத்து மண்ணுக்குரியது. பர்மாவில், அலோன் பகுதிக்குச் சற்றுக் கிழக்கே ரங்கூன் பொது வைத்தியசாலை இருக்கிறது. அல்பிரட் விற்மோர், சி. எஸ். கிருஷ்ணசுவாமி என்ற இரு வைத்தியர்கள் 1911 இல் ரங்கூனில் இறந்த ஏழைகளின் உடல்களைச் சோதித்தபோது, அதுவரை எவரும் அறியாத கிருமியொன்றைக் கண்டார்கள். 1912 இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். அந்த நோய்க்கு இன்று மெலியோய்டோசிஸ் என்று பெயர்.

இக்கிருமி சேற்றிலும் தண்ணீரிலும் வாழ்கிறது. இலங்கை, தமிழ்நாடு, மலேசியா, தாய்லாந்து, வட அவுஸ்திரேலியா எங்கும் உண்டு. வயலில் வெறுங்காலோடு இறங்குவோரை, அதிலும் நீரிழிவு உள்ளவர்களை, எளிதில் பிடிக்கும். சிலருடைய உடலில் பல வருடம் உறங்கிக் கிடந்து பின்னர் எழும்பும். காசநோய் போலத் தோன்றி வைத்தியரையும் ஏமாற்றும். வழக்கமான பெனிசிலினுக்கு அடங்காது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் மருந்தை நரம்பு வழியே குறைந்தது 2 வாரம் ஏற்றவேண்டும். மூட்டில் இருந்தால் 4 வாரமளவில் ஆகும். மூட்டில் கட்டிய சீழையும் அகற்றவேண்டும். அதன்பின் குறைந்தது 3 மாதம் குளிசை. நோவு போய்விட்டதென்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பிவரும்.

குளிர்நாட்டு வைத்தியர் பலர் இந்நோயைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். நாங்கள் சொன்னால்தான் அவர்களுக்கு நினைவு வரும். "ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லாதே" என்பார்கள். அகதியாக அலைந்த நாங்களோ ஊரையும் சேர்த்தே மறைத்துப் பழகிவிட்டோம். வைத்தியரிடம் அந்தப் பழக்கம் வேண்டாம். எந்த ஊரில் பிறந்தோம், எந்த வயலில் இறங்கினோம், எந்த முகாமில் வெள்ளத்துக்குள் கிடந்தோம், நீரிழிவு உண்டா என்பதையெல்லாம் சொல்லுவோம். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்போம். அப்பா, அம்மாவோடு கூடப் போகிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.