முடிவெடுக்கும் சபையில் மகளிர்

பிரிட்டனில் உள்ள பள்ளிவாசல்கள், பள்ளிக்கூடங்கள், தர்ம ஸ்தாபனங்கள் என 500க்கு மேற்பட்ட அமைப்புகளை அங்கமாகக் கொண்டது பிரிட்டிஷ் முஸ்லிம் கவுன்சில். 1997ல் தொடங்கப்பெற்ற இந்தக் கவுன்சிலின் பொதுச் செயலாளர் பதவியை 2021 ஜனவரி வரை ஆடவர்களே வகித்து வந்தனர். அம்மாதம் நடந்த தேர்தலில், கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ஜாரா முகம்மது என்ற 29 வயதுப் பெண்மணி, எதிர்த்துப் போட்டியிட்ட இமாம் ஒருவரை வென்று அப்பதவிக்கு வந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2025 ஜனவரியில் முறைப்படி பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்தார்.

அவர் பதவியேற்ற சில நாட்களில் பி.பி.சி. வானொலியின் மகளிர் நிகழ்ச்சியில் அவரைப் பேட்டி கண்டார்கள். "பிரிட்டனில் எத்தனை பெண் இமாம்கள் இருக்கிறார்கள்?" என்ற ஒரே கேள்வி நான்கு முறை கேட்கப்பட்டது. அது தம் பொறுப்பில் அடங்கிய விஷயமல்ல என்று அவர் கூறிய விளக்கம் எடுபடவில்லை. கோவிட் தொற்று உச்சத்தில் இருந்த காலம் அது. தடுப்பூசி பற்றிய சந்தேகங்களைப் போக்குவது போன்ற அவசர வேலைகள் அவர்முன் காத்திருந்தன. பேட்டி நடந்த விதத்தைக் கண்டித்து 100க்கு மேற்பட்ட பிரமுகர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

கேள்வி கேட்டவரின் நோக்கம் எதுவாயினும், முஸ்லிம் மகளிரின் முன்னேற்றத்தை அளக்க அவர் எடுத்த அளவுகோல் போதாது. தொழுகையில் முன்னால் நிற்பது யார் என்பது ஒரு கேள்வி. தொழுகை முடிந்த பின் கூடி உட்கார்ந்து, கல்யாணத்தையும் மணவிலக்கையும் மஹரையும் பிள்ளைகளின் வருங்காலத்தையும் பேசி முடிக்கிற சபையில் இருப்பது யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இமாம் பதவியால் பலன் பெறுகிறவர் ஒரு பெண். சபையில் இடம் கிடைத்தாலோ, அதன் வாசலில் வழக்குடன் காத்து நிற்கும் ஆயிரம் பெண்களுக்குப் பலன் உண்டு.

இதற்கு எடுத்துக்காட்டாகப் பேராசிரியை மோனா சித்திக்கியின் பணியைச் சொல்லலாம். கராச்சியில் பிறந்து, பிரிட்டனில் வளர்ந்து, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மார்க்க அறிஞர் அவர். பிரிட்டனில் இயங்கும் ஷரீஅத் கவுன்சில்களைப் பற்றி ஆராய அரசாங்கம் அமைத்த குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். 2018 பிப்ரவரியில் வெளியான அறிக்கை, இந்தக் கவுன்சில்களை நாடி வருகிறவர்களில் 90 சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் மணவிலக்குக் கோரும் பெண்கள் என்று எடுத்துக் காட்டியது. கணவன் நினைத்தால் தானே தலாக் சொல்லி விடுகிறான். மனைவி விடுதலை பெற வேண்டுமானால் பிறர் படியேற வேண்டியிருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களோ பெரும்பாலும் ஆடவர்கள். பர்மிங்காம் மத்தியப் பள்ளிவாசலின் கவுன்சிலில் டாக்டர் ஆம்ரா போன் என்ற அம்மையார் அமர்ந்து வழக்குகளைக் கேட்டது பெரிய செய்தியாகப் பேசப்பட்டதன் காரணம் இதுவே. தன் வீட்டில் நடந்ததை ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம் சொல்லுவதுபோல் நான்கு ஆடவர்கள்முன் சொல்லிவிட முடியுமா?

அதே அறிக்கை மற்றொரு ஆபத்தையும் சுட்டியது. இங்கிலாந்தில் நிக்காஹ் மட்டும் செய்துகொண்டு, சட்டப்படி பதிவு செய்யாமல் விட்டால், கோர்ட்டில் அது திருமணமாகவே கொள்ளப்படுவதில்லை. 1998ல் நிக்காஹ் செய்து, நான்கு பிள்ளைகளும் பெற்ற ஒரு தம்பதியின் வழக்கில், 2020ல் அப்பீல் நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகக் கூறிவிட்டது. எத்தனை ஆண்டுகள் குடும்பம் நடத்தியிருந்தாலும், பிரியும்போது மனைவி என்ற முறையில் சொத்தில் பங்கு கேட்க அந்தப் பெண்ணுக்கு வழியில்லை. ஆகவே நிக்காஹ் நடக்கும்போதே, அல்லது அதற்கு முன்பே, பதிவுத் திருமணமும் நடந்தாக வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும் என்று சித்திக்கி குழு பரிந்துரைத்தது. மார்க்கத்தையும் சட்டத்தையும் ஒருங்கே அறிந்த ஒருவரிடமிருந்து வரக்கூடிய யோசனை இது.

அமெரிக்காவிலும் இத்தகைய பணி நடந்து வருகிறது. லெபனானில் பிறந்த சட்டப் பேராசிரியை அஸீஸா அல்ஹிப்ரி 1993ல் "கராமா" என்ற முஸ்லிம் பெண் வழக்கறிஞர்களின் அமைப்பைத் தொடங்கினார். அரபு மொழியில் அச்சொல்லுக்குக் கண்ணியம் என்று பொருள். இஸ்லாத்தில் திருமணம் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் பெண்ணும் தன் நிபந்தனைகளை எழுதிக்கொள்ளலாம் என்பது பழைய சட்ட நூல்களிலேயே உள்ள விஷயம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஷெரின் கான்கான் என்ற அம்மையார் முன்னின்று 2016ல் திறந்த மரியம் பள்ளிவாசல் இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அங்கு எழுதப்படும் மண ஒப்பந்தத்தில் நான்கு விதிகள் உண்டு. பலதார மணம் கூடாது. மணவிலக்குப் பெறும் உரிமை பெண்ணுக்கும் உண்டு. உடலையோ மனத்தையோ துன்புறுத்தினால் மணம் ரத்தாகும். பிரிந்தால் பிள்ளைகள்மீது தாய்க்கும் சம உரிமை. கல்யாண நாளன்று ஒரு தாளில் எழுதப்படும் நான்கு வரிகள், பத்தாண்டு கழித்து ஒரு பெண்ணைத் தெருவில் நிற்காமல் காப்பாற்றும்.

பெண்களே வெள்ளிக்கிழமைத் தொழுகை நடத்துவதும் அப்பள்ளிவாசலின் வழக்கம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும் 2015ல் பெண்களுக்கான பள்ளிவாசல் ஒன்று தொடங்கப்பட்டது. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருப்பதை அறிந்தவர்களுக்குப் பெண்கள் தனித்துத் தொழுவது புதுமையாகத் தோன்றாது. குத்பா பிரசங்கத்தையும் பெண்ணே நிகழ்த்துவதுதான் அங்கே புதுமை. ஆடவரும் பெண்டிரும் கலந்த கூட்டத்துக்கு 2005 மார்ச்சில் நியூயார்க்கில் தொழுகை நடத்திய ஆமினா வதூத் இன்னும் ஒரு படி மேலே போனார். அதற்கு இடம் தரப் பள்ளிவாசல்கள் முன்வராமல், ஒரு கிறிஸ்தவப் பேராலயத்தைச் சேர்ந்த மண்டபத்தில் அது நடந்தது. இது கூடும் என்போரும் கூடாது என்போரும் உண்டு. அது மார்க்க அறிஞர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் வதூத் அம்மையாரை அந்த ஒரு நாள் தொழுகையைக் கொண்டு மட்டும் எடை போடுவது நியாயமாகாது. மெத்தடிஸ்ட் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்து, 1972ல் இஸ்லாத்தைத் தழுவி, அரபு மொழியை முறையாகப் பயின்றவர் அவர். 1992ல் மலேசியாவில் வெளியான அவரது "குர்ஆனும் பெண்ணும்" என்ற நூல், திருக்குர்ஆனைப் பெண்ணின் இடத்திலிருந்து படித்துப் பார்த்த முயற்சி. காலஞ்சென்ற லாலே பக்தியார் 2007ல் குர்ஆனுக்கு ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். மனைவியை அடிக்கலாம் என்று பலர் பொருள் கொண்ட நான்காம் அத்தியாய வசனத்தில், அச்சொல்லுக்கு விலகிச் செல்லுதல் என்று அவர் பொருள் தந்தார். மணவிலக்குச் செய்யப்படும் பெண்ணையே துன்புறுத்தக் கூடாது என்று மற்றோரிடத்தில் கூறும் வேதம், உடன் வாழ்பவளை அடிக்கச் சொல்லுமா என்பது அவரது வாதம். அவர் கொண்ட பொருளை ஏற்காதவர்கள் பலர் உண்டு. வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் கனடாப் பிரிவில், அந்நூலைத் தங்கள் கடையில் விற்க விடமாட்டோம் என்ற பேச்சு எழுந்தது. அப்போது சங்கத்தின் தலைவராக இருந்தவர் இங்கிரிட் மாட்சன். நூலுக்குத் தடை போடும் போக்கை அவர் ஏற்கவில்லை.

அந்த மாட்சன் அம்மையாரின் வரலாறும் அறியத்தக்கது. கனடாவில் பிறந்து, இளம் வயதில் இஸ்லாத்தை ஏற்று, பாகிஸ்தானில் ஆப்கன் அகதிகளிடையே தொண்டாற்றி, சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2001ல் சங்கத்தின் துணைத் தலைவர். 2006 முதல் 2010 வரை தலைவர். அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பதவியில் இருந்ததில்லை. ஆனால் பதவியைவிட நிலைத்து நிற்பது அவர் ஹார்ட்ஃபோர்டு நகரில் தொடங்கிய படிப்பு. மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் கல்லூரிகளிலும் ராணுவத்திலும் முஸ்லிம்களுக்கு ஆறுதலும் ஆலோசனையும் கூற ஆட்களைப் பயிற்றுவிப்பது அது. இதில் ஆண்களும் பெண்களும் தேறி வருகிறார்கள். மரணப் படுக்கையில் இருக்கும் ஒரு தாயின் அருகில் அமர்ந்து துஆ ஓதப் பெண் ஒருத்தி வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இவையெல்லாம் மேல்நாட்டு மோகம் என்று ஒதுக்குவோர் தம் சமூகத்தின் வரலாற்றையே ஒரு முறை திருப்பிப் பார்ப்பது நலம். நபித்தோழர்கள் அன்னை ஆயிஷா அவர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தார்கள். டமாஸ்கஸ் நகரில் உம்முத் தர்தா அம்மையார் நடத்திய பாடத்தைக் கேட்கக் கலீபாவே வந்து அமர்ந்ததுண்டு. லக்னோ நத்வாவில் பயின்று இங்கிலாந்தில் வாழும் அக்ரம் நத்வி என்ற இந்திய அறிஞர், ஹதீஸ் கற்று ஆடவர்க்கும் கற்பித்த பெண்களைத் தேடித் தொகுக்கப் புகுந்தார். சுமார் 10,000 பெயர்கள் கிடைத்தன. 2021ல் அது 43 தொகுதிகளாக வெளிவந்தது. இன்று மேல்நாட்டில் படித்து எழுதும் பெண்கள், பாட்டிமார் வைத்துப்போன பெட்டியைத் திறக்கிறார்கள் என்பதே உண்மை.

அவர்களுக்கு இரு பக்கமும் இடி. பிரான்ஸ் 2004ல் அரசுப் பள்ளிகளில் தலைத்துணி அணிய மாணவிகளுக்குத் தடை விதித்தது. 2010ல் பொது இடங்களில் முகத்திரைக்குத் தடைச் சட்டம் இயற்றியது. பெண்ணுக்கு விடுதலை தருகிறோம் என்று சொல்லி அவள் உடையை அரசாங்கம் தீர்மானிக்கிறது. மறுபுறம், உள்ளிருந்தே துரோகி என்ற ஏச்சும் மிரட்டலும் வருகின்றன. பெர்லினில் 2017ல் பள்ளிவாசல் ஒன்றைத் தொடங்கிய சைரான் அதேஷ் போலீஸ் காவலுடன் நடமாட வேண்டியதாயிற்று. வெளியார் கைதட்டலும் ஒரு வகையில் இவர்களுக்குச் சுமையே. மேல்நாட்டார் மெச்சுகிறார்கள் என்பதற்காகவே சொந்த ஜனங்கள் சந்தேகிக்கும் நிலை வந்துவிடுகிறது. எவர் புகழ்கிறார், எவர் இகழ்கிறார் என்று பாராமல், செய்த வேலையைப் பார்த்து மதிப்பிடுவதே முறை.

நம் நாட்டிலும் இக்கேள்வி தூரத்தில் இல்லை. முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததற்குக் காரணம், பாதிக்கப்பட்ட பெண்களே வழக்குத் தொடுத்ததுதான். புதுக்கோட்டையில் ஷரீபா கானம் பெண்களுக்கென ஜமாஅத் அமைத்ததும், ஆடவர் மட்டும் அமர்ந்த சபையில் பெண்ணின் குரல் எட்டவில்லை என்ற குறையினாலேயே. பம்பாயிலும் பெங்களூரிலும் பிழைக்க வந்த குடும்பங்கள்கூட ஒரு நிக்காஹ் என்றால் ஊர் ஜமாஅத்தின் கடிதத்துக்கு எழுதிப் போடுகின்றன. அந்தக் கடிதத்தில் கையெழுத்திடும் இடத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்றால், மணவாழ்க்கை முறியும்போது அவள் யாரிடம் போவாள்?

ஒரு பெண்மணியைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் பிடித்துக்கொள்வதுடன் கடமை முடிந்துவிடாது. தமிழ்நாட்டின் பெண்கள் மதரஸாக்களில் ஆலிமா பட்டம் பெற்று ஏராளமானோர் வெளிவருகிறார்கள். அவர்களில் இருவர் மூவரேனும் ஜமாஅத்தின் விசாரணையில் அமரட்டும். நிக்காஹ் ஒப்பந்தத்தில் நிபந்தனைகள் எழுதப்படட்டும். திருமணம் சட்டப்படி பதிவாகட்டும். இவற்றுக்குப் புதிய மார்க்கம் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். பெரியவர்கள் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் போதும்.