ஆறாம் வகுப்பில் முடிவாகும் கல்லூரிக் கட்டணம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்பாசிரியையாக இருக்கிறேன். மே மாதம் தேர்வு முடிவு வந்ததும், மார்க்கைப் பார்த்த கையோடு பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "ஃபீஸ் எவ்வளவு ஆகும் டீச்சர், கவர்மென்ட்ல ஏதாச்சும் கிடைக்குமா?" பல வீடுகளில் இதற்கான பதில், அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாளிலேயே முடிவாகிவிட்டது. அது அவர்களுக்குத் தெரிய வருவதுதான் ஆறேழு வருடம் கழித்து.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கின்றன. அவற்றில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். அப்பா மினி லாரி ஓட்டுநர். மகள் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கட்டும் என்று கடன் வாங்கி, ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை தனியார் பள்ளியில் படிக்க வைத்தார். அதற்கு மேல் முடியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். நல்ல கட்-ஆஃப் எடுத்தாள். ஆனால் 7.5 இல்லை, மாதம் 1,000 ரூபாயும் இல்லை. அதே தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஇ) 25 சதவீத இடத்தில் இலவசமாகப் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தால் இரண்டுக்கும் தகுதி உண்டு. கடன்பட்டுக் கட்டணம் கட்டியவர் வீட்டுக்குத்தான் கதவு சாத்தியிருக்கிறது.

விதியை நான் குறை சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அதற்கான பலன் சேரவேண்டும். ஆனால் ஐந்தாம் வகுப்பு முடித்து டிசி வாங்க வரும் தாய் தகப்பனிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பது பெரிய அநியாயம்.

அடுத்த வலை பிளஸ் டூ தேர்வு முடியும் முன்பே விரிக்கப்படுகிறது. பிள்ளைகளின் போன் நம்பர் எப்படியோ ஏஜென்டுகள் கைக்குப் போய்விடுகிறது. "இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க, அப்புறம் சீட் கிடைக்காது" என்கிறார்கள். பயந்துபோய் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை போய்விடும். 2010-இல் வந்த இந்தச் சலுகைக்கு வருமான வரம்பே கிடையாது. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே இடம் பெற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. 1944-இல், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கிய திட்டம் அது. அதை ஒரு போன் காலை நம்பி ஒரு பிள்ளை இழப்பதைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

அந்த உதவித்தொகைக்கான வருமான உச்சவரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013-இல் வைத்த அதே இரண்டரை லட்சம்தான் இன்றும். ஓசூர் கம்பெனிகளில் அப்பாவும் அம்மாவும் கான்ட்ராக்டில் ஆளுக்கு 11,000 ரூபாய் வாங்கினால் ஆண்டுக்கு 2,64,000 ஆகிவிடும். பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை. வாடகை, பஸ் டிக்கெட், பாட்டியின் மருந்துச் செலவு எதுவும் அந்தக் கணக்கில் வராது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டுக்கு மட்டும் 2019-இல் எட்டு லட்சம் என்று வரம்பு வைத்தார்கள். எட்டு லட்சம் வரை நலிவு என்று ஒப்புக்கொள்ளும் அரசு, ஆதிதிராவிடப் பிள்ளையின் படிப்புக்கு இரண்டரை லட்சத்தில் கோடு போடுவதை என்னால் ஏற்கவே முடியாது. அந்த வரம்பை உயர்த்தியே ஆகவேண்டும்.

பாங்க் கணக்கு சின்ன விஷயம்தான், ஆனால் பணம் வழிதவறுவது பெரும்பாலும் அங்கேதான். உதவித்தொகை எந்தக் கணக்குக்குப் போகும் என்பதை ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குதான் தீர்மானிக்கிறது. படிவத்தில் எழுதிக் கொடுத்த நம்பர் இல்லை. இதைக் கல்லூரி திறக்கும் முன்பே பாங்கில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும். அதையும் முதல் பட்டதாரி சான்றிதழையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அங்கே நிற்க இடமிருக்காது.

பள்ளிக்கல்வித் துறையிடம் நான் கேட்பது ஒரே ஒரு தாள். ஐந்தாம் வகுப்பு டிசியோடும் எட்டாம் வகுப்பு டிசியோடும் அதைக் கையில் கொடுங்கள். எந்த வகுப்பில் பள்ளி மாறினால் எந்த உதவி போகும், எந்த உதவி தொடரும் என்று நாலு வரி எழுதியிருந்தால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் அங்கே வருகிறார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் என்னென்ன போகும் என்பதை மே 1 கிராம சபையிலும் சொல்லுங்கள். பிளஸ் டூ முடிவு வருவது அதற்குப் பிறகுதான்.