பிரிட்டன் தேர்தல்: வெல்வது ஸ்டார்மர் மீதான நம்பிக்கையா, கன்சர்வேடிவ்கள் மீதான கோபமா?

லண்டன், 2024 ஜூலை 3: பிரிட்டனில் நாளை (வியாழக்கிழமை) பொதுத்தேர்தல் நடைபெறுகிறது. 14 ஆண்டுகால கன்சர்வேடிவ் ஆட்சி முடிவுக்கு வந்து, கெய்ர் ஸ்டார்மர் தலைமையிலான தொழிலாளர் கட்சி பெரும்பான்மையுடன் ஆட்சியைப் பிடிக்கும் என்றே ஏறத்தாழ எல்லாக் கருத்துக்கணிப்புகளும் கூறுகின்றன. ஆனால் அக்கணிப்புகளைச் சற்று ஆழ்ந்து நோக்கினால், வெல்லப்போவதாகக் கூறப்படும் கட்சியின் மீதும் வாக்காளர்களுக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை என்பது புலனாகிறது.

நாட்டிங்ஹாமில் ஜூன் 26-ஆம் தேதி பிபிசி நடத்திய இறுதி விவாதத்தில் பார்வையாளர் ஒருவர் எழுப்பிய கேள்வி இம்மனநிலையை வெளிப்படையாக உணர்த்தியது. இந்நாட்டின் அடுத்த பிரதமராவதற்கு உங்கள் இருவரையும்விடச் சிறந்தவர் கிடைக்கவில்லையா என்று பிரதமர் ரிஷி சுனக்கையும் ஸ்டார்மரையும் நேருக்கு நேர் நோக்கி அவர் கேட்டபோது, அரங்கில் கைத்தட்டல் எழுந்தது.

ஆளும் கட்சி மீது கோபம் ஏன்?

2019 தேர்தலில் போரிஸ் ஜான்சன் தலைமையில் 43.6 சதவீத வாக்குகளையும் 365 இடங்களையும் வென்ற கட்சி, இன்று 20 சதவீதத்தை ஒட்டிய ஆதரவுடன் தடுமாறுகிறது. இச்சரிவுக்குக் காரணமானவற்றுள் இரண்டு நிகழ்வுகள் முதன்மையானவை.

முதலாவது, கொரோனா ஊரடங்கின்போது பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்துகள். அதற்காக ஜான்சனுக்கும், அப்போது நிதியமைச்சராக இருந்த சுனக்குக்கும் 2022 ஏப்ரலில் காவல்துறை அபராதம் விதித்தது. இரண்டாவது, 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அரசு அறிவித்த சிறு பட்ஜெட். நிதியாதாரம் காட்டாமல் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அது அறிவித்ததும் பவுண்டின் மதிப்பு சரிந்தது. அரசுக் கடன்பத்திரச் சந்தை கலங்கியது. 50 நாள்கூட நீடிக்காமல் டிரஸ் பதவி விலகினார்.

சந்தையின் கலக்கம் தணிந்தாலும் வீட்டுக்கடன் வாங்கியோரின் துயரம் தணியவில்லை. பிரிட்டனில் பெரும்பாலான வீட்டுக்கடன்களுக்கு இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கே வட்டி நிலையாக இருக்கும். பின்னர் புதிய விகிதத்துக்கு மாற வேண்டும். 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்த மத்திய வங்கியின் வட்டி விகிதம், உலகளாவிய விலையேற்றத்தால் படிப்படியாக உயர்ந்து இன்று 5.25 சதவீதமாக நிற்கிறது. பணவீக்கம் 11.1 சதவீத உச்சத்திலிருந்து கடந்த மே மாதம் 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதைச் சுனக் தமது சாதனையாக முன்வைக்கிறார். ஆனால் பணவீக்கம் குறைவது என்பது விலை குறைவது அன்று. விலை ஏறும் வேகம் குறைவது மட்டுமே. கடையில் பொருள் வாங்கும் வாக்காளருக்கு அந்த வேறுபாடு நன்கு தெரியும்.

இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையின் காத்திருப்புப் பட்டியலில் சுமார் 76 லட்சம் சிகிச்சைகள் நிலுவையில் உள்ளன. குடியேற்றத்தைக் குறைப்பதாக வாக்களித்த ஆட்சியில், 2023-ஆம் ஆண்டின் நிகரக் குடியேற்றம் 6.85 லட்சமாக மதிப்பிடப்பட்டுள்ளது. இடதுசாரி வாக்காளர் முதற்காரணத்தாலும், வலதுசாரி வாக்காளர் இரண்டாம் காரணத்தாலும் விலகிச் செல்கின்றனர்.

பிரசாரமும் சுனக்குக்குக் கைகொடுக்கவில்லை. நார்மண்டி தரையிறக்கத்தின் 80-ஆம் ஆண்டு நினைவு நிகழ்வுகளிலிருந்து பாதியில் நாடு திரும்பியதற்காக அவர் மன்னிப்புக் கோர நேர்ந்தது. சிறுவயதில் எது கிடைக்காமல் இருந்தீர்கள் என்ற கேள்விக்கு ஸ்கை தொலைக்காட்சி இணைப்பைக் குறிப்பிட்டது ஏளனத்துக்கு உள்ளானது. தேர்தல் தேதி குறித்து அவருடைய கட்சியினரே பந்தயம் கட்டிய விவகாரம், விருந்து நாள்களின் நினைவை மீண்டும் கிளறிவிட்டது.

ஸ்டார்மர்: எச்சரிக்கையே உத்தி

இவ்வளவு சாதகமான சூழலிலும் ஸ்டார்மர் மக்கள் தலைவராக உருவெடுக்கவில்லை. 1997-இல் டோனி பிளேருக்கு இருந்த செல்வாக்கு அவருக்கு இல்லை. வருமான வரி, தேசிய காப்பீடு, மதிப்புக் கூட்டு வரி ஆகியவற்றை உயர்த்தமாட்டோம் என்று உறுதியளித்து, எவரையும் அச்சுறுத்தாத பாதையை அவர் தேர்ந்தெடுத்துள்ளார். ஆண்டுக்கு 2,800 கோடி பவுண்டு பசுமை முதலீடு என்ற திட்டத்தை அவர் கடந்த பிப்ரவரியில் சுருக்கினார். பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிப்பதாக 2020-இல் அளித்த வாக்குறுதியையும் கைவிட்டார். இதனைப் பொறுப்புணர்வு என்பார் உண்டு. கொள்கையின்மை என்பாரும் உண்டு.

தொழிலாளர் கட்சிக்கு வாக்களிக்க எண்ணுவோரிடம் யூகவ் நிறுவனம் காரணம் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் கன்சர்வேடிவ்களை அகற்றுவதற்காக என்றே பதிலளித்தனர். கட்சியின் கொள்கைகளுக்காக என்றவர்கள் 20 பேரில் ஒருவர் மட்டுமே.

சிதறும் வாக்குகள்

நைஜல் ஃபராஜ் ஜூன் 3-ஆம் தேதி ரிஃபார்ம் யுகே கட்சியின் தலைமையை ஏற்று, கிளாக்டனில் போட்டியிடுவதாக அறிவித்தது களத்தை மாற்றியது. அக்கட்சி, பிரெக்ஸிட் கட்சி என்ற பெயரில் இருந்த 2019-இல், கன்சர்வேடிவ்கள் வென்றிருந்த 317 தொகுதிகளில் போட்டியிடாமல் ஒதுங்கிக்கொண்டது. இம்முறை பெரும்பாலான தொகுதிகளில் களம் காண்கிறது. மறுபுறம், காஸா விவகாரத்தில் ஸ்டார்மரின் நிலைப்பாட்டால் அதிருப்தியடைந்த முஸ்லிம் வாக்காளர்கள் சுயேச்சைகளையும் பசுமைக் கட்சியையும் நோக்குகின்றனர்.

அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற முறை இந்தியாவைப் போன்றே அங்கும் நடைமுறையில் உள்ளது. 2015-இல் ஃபராஜின் அன்றைய கட்சியான யுகிப் 12.6 சதவீத வாக்குகள் பெற்றும் ஓர் இடத்தையே வென்றது, 4.7 சதவீதம் பெற்ற ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 56 இடங்களை வென்றது. அண்மையில் நம் மக்களவைத் தேர்தலில் பாஜகவின் வாக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே சரிந்தபோதும், அதன் இடங்கள் 303-இலிருந்து 240-ஆகக் குறைந்ததை வாசகர்கள் அறிவர். எனவே, 40 சதவீதத்தை ஒட்டிய ஆதரவே தொழிலாளர் கட்சிக்கு மிகப்பெரிய பெரும்பான்மையைத் தரக்கூடும். எதிரணிக்கு அளவுகடந்த பெரும்பான்மை அளித்துவிடாதீர்கள் என்று ஆளும் கட்சியே வேண்டுகோள் விடுப்பதன் பொருளும் இதுவே.

கணிப்புகள் தவறியதும் உண்டு. 2015-இல் தொங்கு நாடாளுமன்றம் என்றனர். டேவிட் கேமரன் பெரும்பான்மை பெற்றார். 2017-இல் பெரும் வெற்றி எதிர்பார்க்கப்பட்ட தெரசா மே, இருந்த பெரும்பான்மையையும் இழந்தார். எனினும் இம்முறை நிலவும் இடைவெளி மிகப் பெரிது.

இந்தியர்களின் பங்கு

பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் வாக்களிக்கலாம் என்பதால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கும் வாக்குரிமை உண்டு. முன்னர் தொழிலாளர் கட்சியின் உறுதியான ஆதரவாளர்களாக இருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினர் கடந்த சில தேர்தல்களில் கன்சர்வேடிவ்களை நோக்கி நகர்ந்துள்ளனர். கடந்த வார இறுதியையொட்டி இரு தலைவர்களும் லண்டனின் சுவாமிநாராயண் கோயில்களுக்குச் சென்றது தற்செயலன்று. இந்தியாவுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை இரு கட்சிகளுமே ஆதரிக்கின்றன. கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போ தொகுதியில், இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட உமா குமரன் தொழிலாளர் கட்சி வேட்பாளராக நிற்கிறார்.

ஆட்சி மாறினால் நம்பிக்கை திரும்புமா?

பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு கடந்த மாதம் வெளியிட்ட முடிவுகளின்படி, எந்தக் கட்சியின் அரசும் கட்சி நலனைவிட நாட்டு நலனை முன்வைக்கும் என்பதை ஏறக்குறைய ஒருபோதும் நம்புவதில்லை என்று 45 சதவீதத்தினர் கூறியுள்ளனர். அந்த ஆய்வு வரலாற்றில் இதுவே உச்சம். நெருக்கடியில் அரசியல்வாதிகள் உண்மை பேசுவார்கள் என்பதை ஏறக்குறைய ஒருபோதும் நம்பாதவர்கள் 58 சதவீதம்.

புதிய அரசு எதிர்கொள்ளவிருக்கும் உண்மையான சோதனை இதுதான். கோபத்தால் கிடைத்த வாக்கு, மருத்துவமனை வரிசையும் வீட்டுக்கடன் தவணையும் குறையாவிட்டால் அதே வேகத்தில் வெளியேறிவிடும். இடங்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதனைத் தடுத்து நிறுத்தாது. 2019-இல் 365 இடங்களுடன் வந்த கட்சியின் இன்றைய நிலையே அதற்குச் சான்று.

இந்திய நேரப்படி வியாழக்கிழமை முற்பகல் 11.30 மணிக்குத் தொடங்கும் வாக்குப்பதிவு, வெள்ளிக்கிழமை அதிகாலை 2.30 மணிக்கு நிறைவடைகிறது. உடனடியாக வாக்குக்கணிப்பு முடிவுகள் வெளியாகும்.