ஒண்ணு வெடிச்சா எல்லாத்தையும் மாத்துங்க

பழைய டீசல் இண்டிகா காலையில ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாத்தான் எடுக்குதா? உடனே பம்ப்பைக் கழட்ட விடாதீங்க. நாசில்ல மிஞ்சுற டீசலை டேங்குக்குத் திருப்புற ரிட்டர்ன் ஹோஸைப் பாருங்க. இன்ஜின் சூட்டுல ரப்பர் விறைச்சு வெடிச்சிருக்கும். வண்டி நிக்கையில காத்து உள்ளே போகும், ஓடையில டீசல் கசியும். எங்க பம்ப்செட் இன்ஜினும் இப்படித்தான் ஏர் எடுக்கும்.

ஆவடி, அம்பத்தூர் பக்கம் சில மெக்கானிக்குங்க கசியுற துண்டை மட்டும் மாத்துறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. எல்லாத் துண்டும் ஒரே வயசு. ஒண்ணு போனா மத்தது வரிசையில நிக்குது. மீட்டர் கணக்குல கிடைக்கிற சாமான்தானே! டீசல் தாங்குற நைட்ரைல் ரப்பரான்னு கேட்டு வாங்குங்க, தண்ணி டியூப் ஊறி உப்பிடும். பூந்தமல்லி ரோட்டு நெரிசல்ல சூடான இன்ஜின் மேல டீசல் சொட்டுறது விளையாட்டு இல்ல. கடைசி நாசில்ல இருக்குற அடைப்பு ரப்பரையும் மாத்தச் சொல்லுங்க, அதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.