ஓநாய் நதியைத் திருப்பியதா?

2014 ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு இதழின் சுற்றாடல் பக்கத்துக்காக நான் எழுதிய கட்டுரையொன்று அண்மையில் பழைய பத்திரிகை நறுக்குகளுக்கிடையே கையில் அகப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டதால் மான்கள் ஒதுங்கின, மரங்கள் தளிர்த்தன, பறவைகள் திரும்பின, இறுதியில் நதியே தன் போக்கை மாற்றிக்கொண்டது என்பது அதன் சாரம். பிரித்தானிய எழுத்தாளர் ஜோர்ஜ் மொன்பியோவின் குரலில் இணையத்தில் உலாவந்து கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்த ஒரு குறும்படமே எனது ஒரேயொரு ஆதாரம். ஐந்து நிமிடங்களுக்கும் குறைவான அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வேறெதையும் வாசிக்காமல், ஆசிரிய பீடம் கேட்ட ஐந்நூறு சொற்களை ஒரே மாலையில் எழுதிக் கொடுத்தேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. பாடசாலை அதிபர் ஒருவர் அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்ததாக அறிவித்திருந்தார்.

அந்தக் கட்டுரை பிழையானது. தாமதமானாலும் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை எனக்குண்டு. அதைவிட முக்கியமாக, அந்தப் பிழை என்னைப் போன்ற சோம்பேறிப் பத்திரிகையாளனுடைய தவறு மட்டுமன்று. ஓநாய்களை மீளக் குடியமர்த்தும் விவாதம் முழுவதையுமே அது கெடுத்து வைத்திருக்கிறது.

முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம். யெலோஸ்டோனின் கடைசி ஓநாய்கள் 1926 இல் கொல்லப்பட்டன. கொன்றவர்கள் கள்ள வேட்டைக்காரர்கள் அல்லர். அரசாங்கச் சம்பளம் பெற்றவர்கள். பொறியும் நஞ்சும் துப்பாக்கியும் அன்று அரச கொள்கையாக இருந்தன. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1995 ஜனவரியில் கனடாவின் அல்பேர்ட்டாவிலிருந்து 14 ஓநாய்களும், அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 ஓநாய்களும் கொண்டுவரப்பட்டன. பண்ணையாளர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 1997 இல் சமஷ்டி நீதிபதி ஒருவர் அவற்றை அகற்றுமாறே தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் அதனைப் புரட்டியது. ஓநாய்கள் பெருகின. 1994 இல் எண்ணப்பட்டபோது சுமார் 19,000 ஆக இருந்த வடபகுதி எல்க் மான் கூட்டம், 2013 இல் நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியது.

இவ்வளவும் உண்மை. இனித்தான் கதை தொடங்குகிறது. எல்க் குறைந்ததற்கு ஓநாய் மட்டும் காரணமன்று. கரடிகளும் மலைச் சிங்கங்களும் அதே காலத்தில் பெருகின, பூங்காவின் எல்லைக்கு வெளியே மனிதர்களும் வேட்டையாடினார்கள், வரட்சியும் வந்தது. நதியின் கதை இதைவிடச் சிக்கலானது. ஓநாய்கள் அழிக்கப்பட்ட பின்னர் பெருகிய எல்க், ஓடைக்கரை வில்லோ மரங்களை மேய்ந்து தீர்த்தது. வில்லோவை உண்டு, அதனாலேயே அணைகட்டி வாழும் பீவர் என்ற பிராணி அதனால் அந்த ஓடைகளைக் கைவிட்டது. அணைகள் உடைந்தன. நீரோட்டம் நிலத்தை ஆழமாக அரித்துக்கொண்டு இறங்கியது; நிலத்தடி நீர் மட்டமும் கூடவே இறங்கியது. இப்போது எல்க் குறைந்தாலும் வில்லோவின் வேருக்கு எட்டும் உயரத்தில் நீர் இல்லை. கொலராடோ அரச பல்கலைக்கழகத்தின் தொம் ஹொப்ஸும் அவரது சகாக்களும் இதை வெறும் ஊகமாக விடவில்லை. 2001 இல் தொடங்கி இருபது ஆண்டுகளாகச் சில இடங்களில் வேலியடைத்து எல்க்கைத் தடுத்தும், சில இடங்களில் செயற்கை அணை கட்டி நீரை உயர்த்தியும் பார்த்தார்கள். நீர் உயர்ந்த இடங்களிலேயே வில்லோ நன்கு உயர்ந்தது; மற்ற இடங்களில் அது எதிர்பார்த்தவாறு மீளவில்லை. 2024 இல் வெளியான அந்த ஆய்வின் செய்தி, எழுபது ஆண்டுச் சேதத்தை ஒரு விலங்கைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதால் அழித்துவிட முடியாது என்பதே. மறுதரப்பும் ஓயவில்லை. வில்லோவின் பரிமாணம் ஏறத்தாழ 1500 சதவீதம் அதிகரித்ததாக 2025 இல் வேறோர் ஆய்வுக் குழு அறிவித்தது. அக்கணக்கிடும் முறையே தவறானதென்று வேறு விஞ்ஞானிகள் அதே ஆண்டில் எழுதினார்கள். விஞ்ஞானிகளுக்கிடையே இது இன்னும் முடியாத வழக்கு. குறும்படத்திலும் எனது ஐந்நூறு சொற்களிலும் அது எப்போதோ தீர்ந்த வழக்கு.

ஓநாய் ஆதரவாளர்கள் என்னிடம் கேட்கக்கூடும்: நல்ல காரியத்துக்காகச் சொன்ன கதைதானே, இதில் என்ன கேடு? கேடு இதுதான். அற்புதம் செய்யும் என்று வாக்களித்து ஒரு விலங்கைக் கொண்டுவந்தால், அற்புதம் நிகழாத அன்று அதன் எதிரிகள் வெற்றி பெறுவார்கள். ஓநாய்க்குத் தன் மண்ணில் வாழ அற்புதச் சான்றிதழ் தேவையில்லை. அரசு திட்டமிட்டு அழித்த உயிர் அது; திருப்பி விடுவதற்கு அந்த ஒரு நியாயமே போதும்.

எதிர்த்தரப்பின் கதையும் சளைத்ததன்று. மந்தைகள் அழியும், பிள்ளைகள் வீதியில் நடமாட முடியாது என்ற கூக்குரல் ஐடஹோவிலிருந்து பவேரியா வரை ஒரே மெட்டில் ஒலிக்கிறது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் கணக்கின்படி 2023 இல் ஒன்றியத்தில் இருந்த ஓநாய்கள் சுமார் 20,300. அவை ஆண்டுதோறும் கொல்லும் கால்நடைகள் குறைந்தது 65,500. செம்மறிகளைப் பொறுத்தவரை இது மொத்தத்தில் 0.065 சதவீதம். நாற்பது ஆண்டுகளாக அங்கு ஓநாயால் ஒரு மனித உயிரேனும் போனதாகப் பதிவில்லை. ஆயினும் ஐடஹோ மாநிலம் 2021 இல் தன் ஓநாய்களில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொல்ல வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. வயோமிங்கில் 2024 இல் ஒருவர் பனி வாகனத்தால் ஓநாயொன்றை மோதி, குற்றுயிராக மதுச்சாலைக்குள் இழுத்துவந்து காட்சிக்கு வைத்தார். அப்போது விதிக்கப்பட்ட தண்டம் 250 டொலர். அதுவும் உயிருள்ள விலங்கைக் கைவசம் வைத்திருந்த குற்றத்துக்கு! மிருகவதைக் குற்றச்சாட்டு எழ மறு ஆண்டாயிற்று. மந்தையைக் காப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பென்று எவரும் எனக்கு விளக்கவில்லை.

ஆனால் 0.065 சதவீதம் என்ற எண்ணை நகரத்து மேசையிலிருந்து எடுத்துக் காட்டுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சராசரி என்பது எவருடைய பட்டியிலும் கட்டப்பட்டிருப்பதில்லை. இழப்பு ஆயிரம் பண்ணைகளில் சமமாகப் பரவி விழுவதன்று. ஐந்தாறு பண்ணைகளின் தலையில் மொத்தமாக விழுவது. கொழும்பில் இருந்துகொண்டு யானையை நேசிப்பது எளிது. படுவான்கரையில் ஒரு போகத்து நெல்லை ஒரே இரவில் இழந்தவனிடம் அந்த நேசத்தை எதிர்பார்ப்பது எளிதன்று.

கொலராடோவில் நடந்ததைப் பாருங்கள். 2020 நவம்பரில் ஓநாயை மீளக் கொண்டுவருவதா என்று சர்வஜன வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஒரு விலங்கின் வருகையை மக்கள் வாக்கினால் தீர்மானித்த முதல் மாநிலம் அதுவே. ஆதரவு 50.9 சதவீதம். டென்வர், போல்டர் முதலான நகரங்கள் ஆதரித்தன. மேற்கு மலைச்சாரல் மாவட்டங்களில் பெரும்பாலானவை எதிர்த்தன. ஓநாய்களை விடவேண்டிய இடம் மலைத்தொடரின் மேற்குப் புறம்தான் என்று அதே சட்டம் கட்டளையிட்டது. கிழக்கில் இருப்பவன் வாக்களிக்க, மேற்கில் இருப்பவன் காவல் இருக்க வேண்டும். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்பது நம் பழமொழி. இங்கோ ஓநாய் நனைகிறதென்று நகரத்தார் அழுதார்கள், குடை மட்டும் பண்ணையாளன் பிடிக்க வேண்டியதாயிற்று.

வயோமிங், ஐடஹோ, மொன்டானா ஆகிய மாநிலங்கள் ஓநாய் தர மறுத்துவிட்டன. ஒரேகன் பத்தைத் தந்தது. 2023 டிசம்பர் 18 அன்று முதல் ஐந்து விடப்பட்டன. வந்தவற்றுள் சில, ஏற்கனவே கால்நடைகளைத் தாக்கிய கூட்டங்களைச் சேர்ந்தவை என்பது பின்னரே பேசுபொருளாயிற்று. சில மாதங்களில் கன்றுகளும் செம்மறிகளும் கொல்லப்பட்டன. ஒரு சோடியையும் குட்டிகளையும் பிடித்து அடைத்தார்கள். ஆண் ஓநாய் துப்பாக்கிச் சூட்டுக் காயத்தால் கூண்டிலேயே செத்தது. பெண்ணையும் குட்டிகளையும் 2025 ஜனவரியில் வேறோரிடத்தில் விட்டபோது அங்கும் அதே கதை. நட்ட ஈடு விலங்கொன்றுக்கு 15,000 டொலர் வரை என்பது உண்மைதான். ஆனால் 2024 இன் இழப்புகளுக்கான கோரிக்கைகள், ஆண்டுக்கென ஒதுக்கப்பட்ட 350,000 டொலரைத் தாண்டிவிட்டன. வொஷிங்டன் மாநிலத்தின் கொல்வில் பூர்வகுடிகள் 15 ஓநாய்கள் தர ஒப்புக்கொண்டு, கொலராடோவின் பூர்வகுடியினரான தெற்கு யூட் மக்களின் கவலைகளுக்குச் செவிசாய்க்கவில்லை எனக் கூறி 2024 இல் பின்வாங்கினார்கள். நகரவாசிகளின் பேரன்பில் அந்த மக்களுக்கும் இடமிருக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். ‘மீள்குடியேற்றம்’ என்று எழுதவே என் பேனா கூசுகிறது. நம்மவர்கள் அந்தச் சொல்லுக்குள் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள்! திரும்பிப் போவோருக்கு மட்டுமன்றி, அந்த இடத்தில் இப்போது இருப்போருக்கும் அது ஏதோவொன்றைச் செய்கிறது என்பதை நாம் அறிவோம். யெலோஸ்டோன் ஓநாய்களைப் பார்க்க வரும் பயணிகளால் சுற்றியுள்ள மூன்று மாநிலங்களுக்கும் ஆண்டுக்குச் சுமார் 35 மில்லியன் டொலர் கிடைப்பதாக 2006 இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. அந்தப் பணம் விடுதிக்காரனுக்கும் வழிகாட்டிக்கும் போகிறது. கன்றை இழந்தவனுக்குப் போவதில்லை. ஓநாயை விரும்பி வாக்களிக்கும் மாநிலம், முதல் ஓநாய் கூண்டைவிட்டு இறங்குமுன்னரே காவல்நாய்க்கும் இரவு மேய்ப்பனுக்கும் வேலிக்கும் பணம் வைக்கவேண்டும். செத்த கன்றின் படத்தை அனுப்பிவிட்டு அலுவலகப் படிகளில் காத்து நிற்க வைப்பது கொள்கையன்று.

ஜேர்மனியில் எவரும் ஓநாயைக் கொண்டுவரவில்லை. அது போலந்திலிருந்து தானாக நடந்து வந்து, 2000 ஆம் ஆண்டில் சாக்சனியின் இராணுவப் பயிற்சி வெளியொன்றில் குட்டி போட்டது. இருந்தும் சண்டை ஓயவில்லை. 2022 இல் ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவி உர்சுலா வொன் டெர் லெயனின் மட்டக்குதிரையை ஓநாய் கொன்றது. அதன்பின் ஒன்றியத்தில் அதன் பாதுகாப்புத் தரத்தைத் தாழ்த்தும் முயற்சி வேகம் பெற்று, 2025 இல் நிறைவேறியது. குதிரைக்கும் சட்டத்துக்கும் தொடர்பில்லை என்கிறார்கள். இருக்கலாம். நூற்றுக்கணக்கான இடையர்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டபோது இந்த வேகத்தை நான் காணவில்லை.

இப்போது ஸ்கொட்லாந்தின் முறை. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மலைநாட்டில் 167 ஓநாய்கள் வாழுமானால், செம்மான்கள் குறைந்து காடு தானாக வளர்ந்து, ஆண்டுக்கு ஒரு மில்லியன் தொன் கரியமிலவாயுவை உள்ளிழுக்குமாம். ஓநாய் ஒன்றின் பெறுமதி ஆண்டுக்கு 154,000 பவுண்கள் என்று விலையும் போட்டிருக்கிறார்கள். கணினி மாதிரியில் வந்த எண் இது. அதைச் செய்தவர்களும் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றே சொல்கிறார்கள். ஆனால் செய்தித் தலைப்புகளில் அந்த வாக்கியம் இடம்பெறவில்லை. ஒரு தலைப்பைப் பார்த்தவுடன் என் பழைய ஐந்நூறு சொற்கள் நினைவுக்கு வந்தன. நதி இருந்த இடத்தில் இப்போது கரியமிலவாயு இருந்தது. செம்மறி மேய்ப்பவர் ஒருவரின் குரலைத் தேடிக் கடைசி வரி வரை வாசித்தேன், இல்லை.