ஏளனம் செய்தவர்களின் சாட்சி

ரோம் நகரின் பாலத்தீன் குன்றில் 1857-இல் கண்டெடுக்கப்பட்ட பழைய சுவர் ஒன்றில் கிறுக்கலாக ஒரு படம் இருக்கிறது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், அதை நோக்கிக் கையை உயர்த்தி நிற்கும் ஒருவன், அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று கிரேக்கத்தில் ஒரு குறிப்பு. ஒரு கிறிஸ்தவனைக் கேலி செய்யும் படம் இது. ஆதிச் சபை என்றதும் நமக்குச் சிங்கக் கூண்டுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் சிங்கத்தின் முன் நின்றவர்கள் சிலரே. இந்தக் கேலியைத் தினமும் சுமந்தவர்கள் மிகப் பலர். கம்பளித் தொழிலாளரும் செருப்புத் தைப்பவரும் பரப்பும் இந்த மதம் அடிமைகளையும் பெண்களையும் பிள்ளைகளையும்தான் வளைத்துப் போடும் என்று செல்சஸ் என்ற அறிஞர் இகழ்ந்தார். லூசியன் என்ற அங்கத எழுத்தாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். சிறையில் கிடந்த பெரெக்ரினஸ் என்ற புரட்டனைப் பார்க்க விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் விடியற்காலையிலேயே காத்துக் கிடந்ததைச் சொல்லி, எந்த எத்தனும் இவர்களிடம் சீக்கிரம் பணக்காரனாகிவிடலாம் என்று சிரித்தார். அவருக்கு வேடிக்கையாகப் பட்டது அவர்களுடைய இரக்கம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தகைய சமூகத்தில் கிறிஸ்தவ நற்குணத்தோடு வாழ்வது என்றால், ஏளனம் செய்கிறவனுக்கும் நன்மை செய்வது என்றே நான் புரிந்துகொள்கிறேன். இதற்குச் சபையார் எழுதிய புகழுரை எனக்குத் தேவையில்லை. பித்தினியாவின் ஆளுநர் பிளினி, ஏறக்குறைய 112-இல், பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதமே போதும். சபையில் பணிவிடை செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தவர் அவர். விசாரணையில் அவருக்குத் தெரியவந்தது என்ன? இவர்கள் விடிவதற்கு முன் கூடிப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, நம்பிக் கொடுத்து வைத்த பொருளைத் திருப்பித் தர மறுப்பதில்லை என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள். பேதுருவின் முதல் நிருபம் பெயர் சொல்லி விளிக்கும் மாகாணங்களில் பித்தினியாவும் ஒன்று. பழிக்கிறவர்கள் நடுவே நல்நடக்கை வேண்டும் என்று அங்கே கேட்கப்பட்டது வீண்போகவில்லை.

பணிந்துபோனால் தலையில் ஏறி மிதிப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஆதிக் கிறிஸ்தவர்கள் வாய்மூடிப் பணிந்துபோகவில்லை. யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர் பேரரசருக்கே வாதுரை எழுதினார். தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 197-இல் எழுதிய வாதுரையில் ஒரு வழக்கறிஞரின் கூர்மை உண்டு. அவரும் கடைசியில் காட்டுவது சபையின் பொதுப் பெட்டியைத்தான்: விருப்பப்பட்டவர்கள் மாதந்தோறும் போட்ட காசு ஏழைகளை அடக்கம் செய்யவும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும், வயதான அடிமைகளுக்கும், கப்பல் உடைந்து கரையேறியவர்களுக்கும் போனது. கார்த்தேஜில் கொள்ளைநோய் வந்தபோது சபை அப்போதுதான் பேரரசர் தேசியுஸின் துன்புறுத்தலிலிருந்து மீண்டிருந்தது. நம்மவர்களை மட்டும் கவனிப்பதில் என்ன பெருமை, பகைவர்களையும் கவனியுங்கள் என்று சிப்ரியான் ஆயர் சபையாரைத் தூண்டினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார்.

இதெல்லாம் ஆள் சேர்க்கும் தந்திரம் என்ற குற்றச்சாட்டும் புதிதல்ல. 4-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜூலியன், தம் மதத்துப் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகளுக்குப் பலகாரம் காட்டிக் கடத்திப்போகிறவர்களோடு கிறிஸ்தவர்களை ஒப்பிட்டார். ஆனால் அதே கடிதத்தில், ஏழைகளை நம் பூசாரிகள் கைவிட்டதைப் பார்த்துத்தான் அவர்கள் இதில் இறங்கினார்கள் என்று ஒப்புக்கொண்டு, தம்மவர்களும் தர்மம் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறார். உள்நோக்கத்தைச் சந்தேகித்தவராலும் செயலை மறுக்க முடியவில்லை.

என்னை உண்மையாகவே உறுத்தும் ஆட்சேபம் வேறு. அதிகாரம் இல்லாததால்தானே அவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள்? இதில் நியாயம் உண்டு. எந்த அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவர்கள் கொள்ளைநோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, தொற்றி இறந்தார்களோ, அதே நகரில் 415-இல் ஒரு கிறிஸ்தவக் கும்பல் ஹைபேஷியா என்ற தத்துவ அறிஞரை இழுத்துப்போய்க் கொன்றது. ஏளனத்துக்குத் தப்பிய சபை, ஏளனத்தில் கற்றதை மறந்தது. இதற்குச் சாக்குச் சொல்லக் கூடாது. இன்று விசுவாசத்துக்காகக் கேலி செய்யப்படுகிறவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது தங்கள் மரியாதையைப் பற்றியா? கேலி செய்தவர் வீட்டில் நோய் வந்தால், கடன் வந்தால், சாவு விழுந்தால் முதலில் போய் நில்லுங்கள். எண்ணிக்கை கூடி, செல்வாக்கு வந்து, கேலி செய்யும் இடத்தில் நீங்கள் இருக்கும் நாளிலும் அப்படியே போய் நில்லுங்கள்.