கராத்தே தெரிஞ்சவதானே, ஏன் சும்மா இருந்தே?

"கத்து" என்றார் அக்கா. முதல் நாள் வகுப்பு. கராத்தேயில் குத்து விடும்போது கூடவே கத்த வேண்டும். எட்டுப் பெண்கள் வரிசையாக நின்றோம். ஒருத்திக்கும் குரல் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. பொறந்ததிலிருந்து 'சத்தம் போடாதடி' என்று வளர்க்கப்பட்ட தொண்டை. அதிலும் சேரிப் பெண்ணின் தொண்டைக்கு ரெண்டு பூட்டு. ஊர்த்தெருக்காரனை அவள் திருப்பி அடித்தால் அதற்கான விலை அவளோடு முடியாது, தெருவே கொடுக்கணும். மூன்றாவது வாரம் எனக்குக் கத்தல் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

வங்கி கவுண்டரில் நாள் முழுக்க உட்கார்ந்து சிரிக்கிற உடம்பு என்னுடையது. ரெண்டு வருசமாகத் தூக்கமில்லை, நெஞ்சுப் படபடப்பு. மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரை கொடுத்தார், கேட்டது. பயிற்சி மருந்துக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாத்திரை தராத ஒன்றைப் பயிற்சி தந்தது. இந்த உடம்பு என்னுது, இதுக்கு இடம் வேணும் என்கிற நினைப்பு. ஒடுங்கியே உட்காரப் பழக்கப்பட்டவளுக்குக் காலை அகட்டி நிற்பதே அரசியல்தான்.

இதுவரை எல்லாருக்கும் பிடித்த கதை. மிச்சத்தையும் சொல்லணும்.

ஒரு வருசப் பயிற்சிக்குப் பிறகு, கூட்டமான பேருந்தில் ஒரு கை என்மேல் ஊர்ந்தது. நான் அடிக்கவில்லை. கத்தவில்லை. கட்டை மாதிரி நின்றேன். பிறகு ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "கராத்தே தெரிஞ்சவதானே, ஏன் சும்மா இருந்தே?" அன்றைக்கு ராத்திரி அந்தக் கையைவிட என்னைத்தான் அதிகம் வெறுத்தேன். கற்றுக்கொண்ட வித்தையே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. விட்டிருந்த தூக்கமின்மை மறுபடி வந்தது.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1972இல் மகாராஷ்டிரத்தில், காவல் நிலையத்துக்குள்ளேயே தன்னை வல்லுறவு செய்ததாக மதுரா என்ற ஆதிவாசிப் பெண் புகார் சொன்னார். 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. உடம்பில் காயமில்லை, எதிர்த்துப் போராடிய தடயமில்லை என்றது. எதிர்க்காததை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று சட்டத்தில் எழுத 2013 வரை ஆனது. சட்டம் மாறிவிட்டது, தோழர்களின் நாக்கு மாறவில்லை.

2017இல் வெளிவந்த ஸ்டாக்ஹோம் ஆய்வு ஒன்று இருக்கிறது. வல்லுறவுக்குப் பின் அங்குள்ள அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களில் 100க்கு 70 பேர், அந்த நேரத்தில் உடம்பு உறைந்துபோனதாகச் சொன்னார்கள். உறைவது கோழைத்தனமல்ல, சம்மதமும் அல்ல. ஆபத்தில் உடம்பு தன்னைக் கேட்காமலே செய்கிற காரியம். அப்படி உறைந்தவர்களுக்குத்தான் ஆறு மாதம் கழித்து மனச்சோர்வும் அதிர்ச்சி நோயும் அதிகம் இருந்தன. அவர்களிடம் போய் 'ஏன் சும்மா இருந்தே' என்று கேட்பது ரெண்டாவது அடி.

அப்படியானால் பயிற்சி வீணா? இல்லை. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் நடந்த சோதனை 2015இல் வெளியானது. 12 மணி நேரப் பயிற்சி பெற்ற மாணவிகளில் ஒரு வருசத்துக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் 100க்கு 5 பேர். வெறும் துண்டறிக்கை பெற்றவர்களில் 10 பேர். அங்கே குத்து மட்டும் சொல்லித்தரவில்லை. தெரிந்த ஆணிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண, தயக்கத்தை உடைக்க, தன் விருப்பத்தைத் தானே பேசச் சொல்லித்தந்தார்கள்.

பலம் மட்டும் போதுமென்றால் 2023இல் நம் மல்யுத்த வீராங்கனைகள் தில்லித் தெருவில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. 2016இல் ஒலிம்பிக் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக், உலகப் போட்டிகளில் ரெண்டு பதக்கம் வாங்கிய வினேஷ் போகட். இவர்களுடைய கையைவிட வலுவான கை எவளுக்கு இருக்கு? கூட்டமைப்பின் தலைவர்மேல் பாலியல் புகார் சொல்லி நீதி கேட்டவர்களை மே 28 அன்று போலீஸ் இழுத்துப்போனது. பயிற்சிக்கூடமும் ஆம்பளை அதிகாரம் நடக்கிற இடம்தான்.

ஆகவே பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி வேணும். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் வேணும். ஆனால் பெண் பயிற்சியாளரோடு வேணும். புகார் சொல்ல ஒரு குழுவோடும், மனசு விட்டுப் பேச ஒரு ஆளோடும் வேணும். மூணு மாசம் கையைக் காலை வீசச் சொல்லிவிட்டு 'இனி உன் பாடு' என்று பொறுப்பை அவள் தலையில் கட்டுகிற ஏமாற்று வேண்டாம்.

நான் வகுப்பை விடவில்லை. திருப்பி அடிப்பேனா என்று எனக்கே தெரியாது. அது என் கவலை. அந்தப் பேருந்தில் இருந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படுங்கள் தோழர்களே. அவர்களில் ஒருத்தரும் கராத்தே படித்திருக்க வேண்டியதில்லை. வாயைத் திறந்திருந்தால் போதும்.